மாப்பிள்ளையின் ரத்தம்

உண்ணிக் காய்ச்சல் ஆராய்ச்சி நிலையத்தில் மாப்பிள்ளை என்றால் அது ஒரு குதிரை. வெள்ளைக் குதிரை, வயிறு பெருத்தது, ஒரு துரும்பைக்கூட இழுத்து அறியாதது. வேளாவேளைக்குத் தீவனம், தலைக்கு மேலே மின்விசிறி, கொசு வராமல் வலை, குளிப்பாட்ட ஒரு ஆள், காற்று வாங்கக் கூட்டிப்போக அதே ஆள். இத்தனையும் அனுபவித்துக்கொண்டு வாரத்துக்கு ஒரு சின்னக் குப்பி ரத்தம் கொடுக்கும். அதற்கும் ஊசி குத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

அந்த ரத்தம்தான் நிலையத்துக்கே அளவுகோல். உண்ணி கடித்தால் குதிரையின் ரத்தத்தில் ஒரு கிருமி ஏறிக்கொள்ளும். சிவப்பணுவுக்குள் உட்கார்ந்து தின்று, அதை உடைத்துவிட்டு அடுத்ததற்குப் போகும். காய்ச்சல், சோகை, மஞ்சள் பூத்த ஈறு, கடைசியில் சாவு. பிழைத்த குதிரையையும் விடாது. வெளியே தெரியாமல் ஆயுசு பூராவும் உள்ளேயே குடியிருக்கும். அது இருக்கிறதா என்று பார்க்க ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதில் வரிசை வரிசையாகச் சின்னக் குழிகள். குழியில் குதிரை ரத்தம் உறைந்தபின் மேலே தெளிந்து நிற்கும் நீரை விட்டு மருந்து சேர்த்தால், நோய் கண்ட ரத்தம் மஞ்சளாகும், காணாத ரத்தம் தண்ணீர் மாதிரியே இருக்கும். எவ்வளவு மஞ்சள் வந்தால் நோய் என்று சொல்வது? அங்கேதான் மாப்பிள்ளை வருகிறார். மாப்பிள்ளைக்கு நோயே கிடையாது. ஆகவே மாப்பிள்ளையின் நிறத்தைப்போல இரண்டு மடங்கு அடர்ந்தால்தான் நோய், அதற்குக் கீழே எல்லாம் சுத்தம். இது பெரிய மாமா போட்ட சட்டம்.

பெரிய மாமா நிலையத்தின் இயக்குநர். அங்கே ரத்தம் சோதிக்கிறவள் ஒருத்தி, அவளுடைய புருஷனுக்கு அவர் பெரியப்பா. அவள் பரீட்சை எழுதி, முதலாவதாக வந்து, அந்த நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் கல்யாணமே நடந்தது. ஆனாலும் சொந்தக்காரர்கள் நாலு பேர் கூடிவிட்டால் போதும், "இவளுக்கு வேலை போட்டுக் குடுத்ததே நான்தான்" என்று ஆரம்பித்துவிடுவார். முதல் தடவை அவள் திருத்தினாள். இரண்டாம் தடவை புருஷன் மேசைக்கு அடியில் காலை மிதித்தான். அதற்குப் பிறகு அவள் தட்டைப் பார்த்துச் சாப்பிடக் கற்றுக்கொண்டாள்.

பெரிய மாமாவின் பெருமை சாதாரணப் பெருமை இல்லை. அவர் வந்த நாளிலிருந்து குதிரைகளில் நோய்க் கணக்கு வருஷா வருஷம் இறங்கிக்கொண்டே வந்து, கடைசியில் ஒன்றுமில்லாமல் போய்விட்டது. நோயை ஒழித்தவர்! அவர் அறைச் சுவரில் அந்தக் கோடு படமாகத் தொங்கியது, மாடிப்படி மாதிரி கீழே கீழே இறங்கி. வருகிற வெள்ளிக்கிழமை வெளியிலிருந்து ஒரு குழு வந்து, இது நோயற்ற பகுதி என்று அறிவிக்கப்போகிறது. லாயத் தெருவில் மட்டும் குதிரைகள் செத்துக்கொண்டே இருந்தன. கேட்டால், தீவனக் கோளாறு என்பார். குதிரைக்காரனுக்குத் தீவனம் போடத் தெரியாது என்பது அவருடைய இன்னொரு கண்டுபிடிப்பு.

லாயத் தெருவில்தான் அவளுடைய அண்ணனும் இருந்தான். வண்டி இழுக்க இரண்டு குதிரை, பிள்ளைகளை ஏற்றிச் சுற்ற ஒன்று. அந்த ஒன்று கருப்பி. அண்ணனுக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் எல்லாம் அதற்கு அப்புறம்தான், அண்ணியே சொல்லுவாள். திங்கட்கிழமை காலையில் அவன் போன் பண்ணினான்.

"சின்னவளே, கருப்பி தண்ணி கூட குடிக்க மாட்டேங்குது. வந்து பாத்துட்டுப் போயேன்."

போய்ப் பார்த்தாள். கருப்பி தலையைத் தொங்கப் போட்டு நின்றது. உதட்டைத் தூக்கினால் ஈறு மஞ்சள். மூச்சு வாங்கியது, உடம்பு கொதித்தது. வாலுக்கு அடியில் உண்ணி கடித்த தடிப்புகள். அவள் காது நுனியில் குத்தி முதல் சொட்டைக் கண்ணாடித் தகட்டில் இழுத்துக்கொண்டாள். இந்தக் கிருமிக்குக் காது நுனிச் சொட்டுதான் சரி. கழுத்திலிருந்தும் ஒரு குப்பி எடுத்துக்கொண்டாள்.

"பொழைச்சுடுமா?" என்றான் அண்ணன்.

"மருந்து போட்டா பொழைக்கும். ரெண்டு மூணு நாளுக்குள்ள போடணும்."

"அப்ப போடு."

போடு என்றால் போட்டுவிட முடியுமா? அந்த மருந்து எந்தக் கடையிலும் இல்லை. ஒழிந்துபோன நோய்க்கு யார் மருந்து வாங்கி விற்பார்கள்? நிலையத்தில் மட்டும் இருந்தது, பெரிய மாமாவின் அலமாரியில், பூட்டி. தட்டில் நோய் என்று வந்து, அவர் கையெழுத்தும் விழுந்தால்தான் அலமாரி திறக்கும்.

தட்டில் கருப்பியின் குழி நன்றாகவே மஞ்சளாயிற்று. மாப்பிள்ளையின் குழியும் மஞ்சளாகத்தான் இருந்தது. இரண்டு மடங்கு வரவில்லை. எனவே கருப்பி சுத்தம். அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. சாயம் ஏற்றிய தகட்டை நுண்ணோக்கியில் வைத்தாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. சிவப்பணுக்களுக்குள்ளே ஊதாப் புள்ளிகள், நான்கு நான்காக, நுனியோடு நுனி சேர்ந்து சிலுவை மாதிரி. பாடப்புத்தகத்தில்கூட இவ்வளவு அழகாகப் போட்டிருக்க மாட்டார்கள்.

தகட்டை எடுத்துக்கொண்டு பெரிய மாமாவின் அறைக்குப் போனாள். அவர் வெள்ளிக்கிழமைப் பேச்சைக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். தகட்டை வேண்டாவெறுப்பாகத் தன் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்.

"சாயக் கசடு" என்றார். "சாயத்தை வடிகட்டாம ஊத்தினா இப்படித்தான் புள்ளி புள்ளியா நிக்கும். உனக்கு எல்லாத்துலயும் அவசரம்."

"கசடுக்கு நாலு வரைக்கும் எண்ணத் தெரியாது மாமா. ஒவ்வொண்ணுலயும் சரியா நாலு இருக்கு."

"தட்டு என்ன சொல்லுது?"

"சுத்தம்னு சொல்லுது. அதான் தட்டு மேல சந்தேகமா இருக்கு."

"இருபது வருஷத் தட்டும்மா அது!" பெரிய மாமா சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் யாருக்கும் எதையாவது எடுத்து வீசத் தோன்றும். "உங்க அண்ணனைத் தீவனத்தை மாத்தச் சொல்லு."

அவள் வெளியே வந்தாள். வாசல் மரத்தடியில் நின்று வாய்க்குள்ளேயே அவரை என்னென்னவோ சொன்னாள், அதையெல்லாம் இங்கே எழுத முடியாது. திட்டி முடித்ததும் மனசில் ஒன்று தட்டுப்பட்டது. கருப்பியின் குழி மஞ்சள், சரி. மாப்பிள்ளையின் குழி ஏன் மஞ்சள்? தண்ணீர் மாதிரி அல்லவா இருக்க வேண்டும்?

பழைய ஆட்கள் யாரைக் கேட்டாலும் அதற்கு ஒரு பதில் வைத்திருந்தார்கள். தட்டில் ஊற்றுகிற மருந்து இப்போதெல்லாம் வீரியம் ஜாஸ்தி, அதனால் மாப்பிள்ளையும் கொஞ்சம் நிறம் காட்டுகிறார். ஆமாம், வருஷா வருஷம் கொஞ்சம் கூடுதலாகக் காட்டுகிறார். அதனாலென்ன, இரண்டு மடங்கு என்பதுதானே கணக்கு? மாப்பிள்ளையின் நிறம் ஏறினால் நோய் என்று சொல்கிற எல்லைக்கோடும் ஏறும். கோடு ஏறினால் அதற்குக் கீழே சுத்தமாகிற குதிரைகளும் கூடும். அடேயப்பா, நோய் ஒழிவதற்கு இதைவிடச் சுலபமான வழி உலகத்தில் யாருக்குத் தோன்றும்?

"மாப்பிள்ளையையும் வருஷா வருஷம் சோதிக்கிறோமே" என்றார் தட்டு போடுகிற பெரியவர், ரோஷமாக. "சுத்தம்னுதான் வருது."

"எதோட ஒப்பிட்டுப் பாக்கறீங்க?"

"இது என்ன கேள்வி? மாப்பிள்ளையோடதான்."

அவள் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மாப்பிள்ளையை மாப்பிள்ளையோடு ஒப்பிட்டால் மாப்பிள்ளை எப்படி இரண்டு மடங்கு ஆவார்? படித்தவர்கள், பட்டம் வாங்கியவர்கள், கண்ணாடி போட்டவர்கள், இத்தனை பேர் வருஷக்கணக்காக இதைச் செய்திருக்கிறார்கள். போன வருஷம் அவளும் சேர்ந்துதான். சிரித்து முடித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. லாயத் தெருவில் தீவனக் கோளாறில் செத்த குதிரை ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் மாப்பிள்ளையின் கொட்டகைக்குப் போனாள். மாப்பிள்ளையைக் குளிப்பாட்டுகிற ஆள், புதுத் தொப்பி வைத்துக்கொண்டு, குறுக்கே நின்றான்.

"ரத்தம் எடுக்கற கிழமை இது இல்லீங்களே. மாப்பிள்ளை இன்னும் காலைத் தூக்கத்துல இருக்காரு."

"எழுப்பு."

காது நுனியைக் குத்தப் போனவள், காதின் அடியில் விரலை விட்டுப் பார்த்தாள். ஆமணக்கு விதை பருமனுக்கு ஒரு உண்ணி, நிறைய ரத்தம் குடித்துவிட்டுச் சௌக்கியமாக உட்கார்ந்திருந்தது.

"இது என்னய்யா?"

"மாப்பிள்ளைக்கு உண்ணியா!" என்று தொப்பிக்காரன் பதறினான். "இருக்காதுங்க. மருவா இருக்கும்." அவள் அதைப் பிடுங்கி அவன் உள்ளங்கையில் வைத்தாள். மரு எட்டுக் காலையும் ஆட்டியது.

நிலையத்தின் உறைபெட்டியில் யாரும் தொடாத ஒரு குப்பி இருந்தது. பிறந்த குட்டி, தாயிடம் முதல் பால் குடிப்பதற்கு முன்னால் எடுத்த ரத்தம். எந்த உண்ணியும் கடிக்காதது, தாய்ப்பால் வழியாகவும் எதுவும் வந்து சேராதது. சுத்தம் என்றால் அதுதான் சுத்தம். அதை ஒரு குழியில் விட்டாள், மாப்பிள்ளையை அடுத்த குழியில், கருப்பியை அதற்கடுத்ததில். குட்டியின் குழி தண்ணீராகவே நின்றது. மற்ற இரண்டும் மஞ்சள் மஞ்சளென்று மஞ்சள், அண்ணன் தங்கை மாதிரி. பிறகு மாப்பிள்ளையின் தகட்டை நுண்ணோக்கியில் வைத்துக் கண் வலிக்க வலிக்கத் தேடினாள். மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது முதல் சிலுவை கிடைத்தது. சாப்பிடப் போகாமல் இன்னும் இரண்டைப் பிடித்தாள்.

தட்டு, தகடு, சின்னக் கண்ணாடிக் குழாயில் உண்ணி, எல்லாவற்றையும் கொண்டுபோய்ப் பெரிய மாமாவின் மேசையில் வரிசையாக வைத்தாள். நடந்ததைச் சொன்னாள். முதலில் அவர் உண்ணியை யார் கொண்டுவந்து வைத்தது என்று கேட்டார். பிறகு குட்டியின் ரத்தத்தில் கோளாறு என்றார். பிறகு மூன்று சிலுவைகளையும் பார்த்தார். எழுந்து போய்க் கதவைத் தாளிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை, மாப்பிள்ளைக்கு வராத சோகை அவருக்கு வந்துவிட்டது.

"வெள்ளிக்கிழமை குழு வருதும்மா" என்றார், தணிந்த குரலில்.

"தெரியும் மாமா. கருப்பிக்குக் கையெழுத்துப் போடுங்க."

"நோய்னு எப்படிப் போடுவேன்? ஒண்ணுக்குப் போட்டா எல்லாத்துக்கும் போடணும். அப்புறம் நான் ஒழிச்சது எல்லாம்?" அவர் கண் சுவரில் தொங்கிய கோட்டுக்குப் போய்த் திரும்பியது. சட்டென்று குரலில் தேன் வழிந்தது. "உங்க அண்ணன் நமக்கு என்ன வேத்து ஆளா? சம்பந்தி வீடு. குடும்பத்துக்குள்ள கையெழுத்து என்ன, சீட்டு என்ன."

அலமாரியைத் திறந்தார். உள்ளே வரிசை வரிசையாக மருந்துக் குப்பிகள், தெருவுக்கே போதும். தூசி படிந்து நின்றன. அதில் ஒன்றை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். இன்னொரு கையை நீட்டினார்.

"அதெல்லாம் இங்க வெச்சுட்டுப் போ. யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. வாக்குக் குடு."

அவள் தகட்டைக் கொடுத்தாள், தட்டைக் கொடுத்தாள், உண்ணியைக் கொடுத்தாள், வாக்கையும் கொடுத்தாள். கண்ணாடித் துண்டை வாங்கி மேசைக்குள் போட்டுப் பூட்டிவிட்டால் நோயும் உள்ளே போய்விடும் என்று நினைக்கிற மனுஷன் அவர். லாயத் தெருவில் எந்தக் குதிரையின் காதைக் குத்தினாலும் அதே நான்கு புள்ளி கிடைக்கும். அவர்மேல் அவளுக்குத் தாங்க முடியாத இளக்காரம். அவரிடம் கைநீட்டி வாங்கிக்கொண்டு போகிறவள்மேல் அதைவிட ஜாஸ்தி. வழி நெடுக, தூ, நீயெல்லாம் ஒரு படிச்சவள், என்று தன்னையே திட்டிக்கொண்டு நடந்தாள். ஆனாலும் வேகமாகத்தான் நடந்தாள்.

அண்ணனிடம் ஒளிக்கவில்லை. முழுக்கச் சொன்னாள். அவன் கருப்பியின் பிடரியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஊசியைப் போடு முதல்ல" என்றான். "மானத்தை அப்புறம் பாத்துக்கலாம்."

கழுத்துச் சதையில் போட்டாள். அந்த மருந்து சும்மா இறங்காது. கருப்பிக்கு எச்சில் ஒழுகியது, உடம்பு வேர்த்துக் கொட்டியது, வயிற்றைப் பிசைந்தது. படுத்துப் புரள விடக்கூடாது, குடல் முறுக்கிக்கொள்ளும். அண்ணனும் தங்கையும் இந்தப் பக்கம் ஒருவர் அந்தப் பக்கம் ஒருவராகப் பிடித்து லாயத்தைச் சுற்றி நடத்தினார்கள். அண்ணன் வழியெல்லாம் அதோடு பேசினான், அழுதான், அதையே திட்டினான். வியாழக்கிழமை காலையில் கருப்பி வாளியில் வாயை வைத்துத் தண்ணீர் உறிஞ்சியது. அண்ணன் வாளியோடு சேர்த்து அதன் தலையைக் கட்டிக்கொண்டான்.

அன்று சாயங்காலம் புருஷன் ரொம்ப குஷியாக வீட்டுக்கு வந்தான்.

"பெரியப்பா உன்னைப் பத்தி எவ்வளவு பெருமையாப் பேசினார் தெரியுமா? சமத்தாயிட்டாளாம். நாளைக்கு விழாவுல முன் வரிசையில உக்கார வைக்கறாராம்."

"அப்படியா" என்றாள். சமத்து! ஒருவர் அவளைத் திருடி என்றிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில், குப்பியில் மிச்சமிருந்ததைக் கருப்பிக்கு இரண்டாவது ஊசியாகப் போட லாயத்துக்குப் போனாள். தெரு முழுக்க ஆட்கள். அண்ணனுக்கு வாய் தங்குமா? கருப்பி பிழைத்த கதையைத் தெருமுனை வரைக்கும் சொல்லி முடித்திருந்தான். ஒவ்வொருவனும் ஒரு குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அம்மா, உங்க பெரிய மாமா கிட்ட சொல்லி எனக்கும் ஒரு குப்பி வாங்கிக் குடுங்க" என்றான் ஒரு வண்டிக்காரன். "உள்ள ஆள் இருந்தாத்தான் கிடைக்குமாமே. எங்களுக்கு உங்களை விட்டா யாரு இருக்கா?"

அவன் குதிரையின் உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். மஞ்சள். அடுத்தது, மஞ்சள். அடுத்ததன் ஈறு வெளுப்பு. இவர்கள் யாரும் அவளைக் குறை சொல்லவில்லை, யாருக்கும் ஏமாற்றிவிட்டார்கள் என்ற கோபம் இல்லை. உறவுக்காரிக்குக் கிடைத்ததில் கொஞ்சம் நமக்கும் கிடைக்காதா என்றுதான் கேட்டார்கள். அதுதான் அவளைச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

"குப்பி என்கிட்ட இல்ல" என்றாள். "குதிரையை ஓட்டிக்கிட்டு என்கூட வாங்க. நடக்க முடியற குதிரை எல்லாம்."

"எங்க?"

"விழாவுக்கு."

நிலையத்துப் புல்வெளியில் பந்தல் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளைக்குப் புதுப் போர்வை, பிடரியில் ரிப்பன். பக்கத்தில் தொப்பிக்காரன், மாப்பிள்ளையைவிட விறைப்பாக. முன்வரிசையில் குழு. நடுவில் குழுத் தலைவி, ஒல்லியான அம்மாள், பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சலித்த முகம். முன்வரிசை ஓரத்தில் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது. பெரிய மாமா ஒலிபெருக்கியில் நோயை ஒழித்துக்கொண்டிருந்தார்.

பாதிப் பேச்சில் குதிரைகள் உள்ளே வந்தன. ஒன்று, இரண்டு, நாலு, அப்புறம் தெருவே வந்தது. தலையைத் தொங்கப்போட்டு, மூச்சிரைத்து, தள்ளாடித் தள்ளாடிப் புல்வெளி நிறைய நின்றன. எல்லாவற்றுக்கும் முன்னால் அவள்.

பெரிய மாமா சாமானியமான ஆளா? அரை நிமிஷம் திருதிருவென்று விழித்துவிட்டுச் சமாளித்தார். "நம் பணியால் பயனடைந்த மக்கள், நன்றி சொல்ல வந்திருக்கிறார்கள்" என்றார். பின்வரிசையில் சிலர் கைகூடத் தட்டினார்கள்.

அந்த நேரம் பார்த்து வண்டிக்காரனின் குதிரை பின்னங்கால்களை அகட்டி மூத்திரம் பெய்தது. பந்தல் விரிப்பின் வெள்ளைத் துணியில் அது ஓடி வந்தது. மூத்திரம் மாதிரி இல்லை. சிவந்து, கருத்து, பீட்ரூட்டைப் பிழிந்து ஊற்றியதுபோல இருந்தது. உடைந்துபோன ரத்த அணுக்களின் சிவப்பெல்லாம் அந்த வழியாகத்தான் வெளியேறும். முன்வரிசையில் எல்லோரும் காலைத் தூக்கிக்கொண்டார்கள். கைதட்டல் நின்றது.

குழுத் தலைவி மட்டும் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். "இது என்ன?" என்றார்.

"இதுதாங்க ஒழிச்ச நோய்" என்றாள் அவள்.

பெரிய மாமா மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்தார். மைக் கையிலேயே இருந்தது, மறந்துவிட்டார். "வாக்குக் குடுத்தியேடி பாவி! குடும்ப மானத்தை வாங்கறியே!" என்று அவர் காதோடு காதாகச் சீறியது பந்தல் முழுக்கக் கேட்டது.

"குடுத்தேன் மாமா, இல்லேங்கல" என்றாள் அவள். மெல்லச் சொல்ல அவளுக்கும் தோன்றவில்லை. "ஒரு குப்பி குடுத்தீங்க, ஒரு குதிரை பொழைச்சது. மிச்சம் எல்லாம் உங்க அலமாரியில தூசி படிஞ்சு கெடக்கு. இந்தக் குதிரைங்க ஒவ்வொண்ணும் சுத்தம்னு நீங்க கையெழுத்துப் போட்டதுங்க. மாப்பிள்ளையும் இதே நோய்க்காரர்தான், அவரைப் பாத்துத்தான் இதுங்களைச் சுத்தம்னீங்க. சாவியைக் குடுங்க."

புருஷன் மூன்றாவது வரிசையில் தலையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குழுத் தலைவி நடந்து போய் மாப்பிள்ளையின் மேலுதட்டைத் தூக்கினார். தொப்பிக்காரன் தடுக்கப் போனான், அவர் பார்த்த பார்வையில் ஒதுங்கி நின்றான். அவர் விரல் மெல்ல மாப்பிள்ளையின் காதுக்குள் போயிற்று.

பெரிய மாமா அந்த விரலைப் பார்த்தார். வெள்ளைத் துணியைப் பார்த்தார். சுற்றிலும் குதிரைக்காரர்கள், அவர் கையால் பொத்திக்கொண்ட சட்டைப் பையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் கையை நீட்டியபடியே இருந்தாள். இத்தனை பேர் பார்க்கும்போது அவருக்குத்தான் வேறென்ன வழி? சாவி அவள் உள்ளங்கையில் விழுந்ததும் அவள் அண்ணனைக் கூப்பிட்டு, தலை ரொம்பத் தொங்குகிற குதிரையை முதலில் கொண்டுவரச் சொன்னாள்.